உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக்: யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கேட்கும் கேள்விகள்

புழுதி உழவு தொடங்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில்தான் ஹைட்ரோலிக் பற்றிய கேள்விகள் அதிகம் வருகின்றன. கலப்பை எழும்பவில்லை, எழும்பினால் நிற்கவில்லை, ஒரே ஆழத்தில் உழவில்லை என்று. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும் இந்த ஹைட்ரோலிக் கலப்பையைத் தூக்கி வைப்பதற்கான ஜாக்கி மட்டும் அல்ல. உழுகிற நேரம் முழுவதும் அது வேலை செய்ய வேண்டியது. நம் பக்கத்தில் பலர் அதைத் தூக்கவும் இறக்கவும் மட்டுமே பயன்படுத்துவதால், டீசலும் ரயரும் வீணாகத் தேய்கின்றன.

ஹைட்ரோலிக் உண்மையில் எப்படித் தூக்குகிறது?

பம்பி ஒயிலைத் தள்ளுகிறது. வால்வு அந்த ஒயிலை எங்கே விடுவது என்று தீர்மானிக்கிறது. சிலிண்டருக்குள் போன ஒயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஒரு குறுக்குத் தண்டைத் திருப்ப, அந்தத் தண்டின் இரு பக்கமும் உள்ள தூக்கும் கைகள் மேலே போகின்றன. கீழ்க் கைகள் அவற்றோடு சேர்ந்து எழும்ப, கலப்பையும் எழும்புகிறது.

பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பளவு ஏறத்தாழ 44 சதுர சென்ரிமீற்றர். ஒயிலின் அழுத்தம் 150 பார் என்றால் (ஒரு பார் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) பிஸ்டனில் விழும் தள்ளுவிசை ஆறரைத் தொன் எடைக்கும் மேல். ஆனால் பிஸ்டன் தள்ளுவது குட்டையான கையை, கலப்பை தொங்குவது நீளமான கையில். அதனால் தூரம் கூடி, பலம் குறைந்து, கலப்பை தொங்கும் இடத்தில் தொன் கணக்கில் ஒன்றோ ஒன்றரையோதான் மிஞ்சும். வேண்டாத அழுத்தம் ஏறினால் ஒயிலைத் திருப்பி விட ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. "பலம் காணாது" என்று அதன் ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் போட்டு இறுக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெடிப்பது சிலிண்டரோ பம்பியோதான்.

கலப்பையைப் பூட்டும் மூன்று முனை இணைப்பை யார் கொண்டுவந்தது?

வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன். 1884 இல் பிறந்தவர். தானே செய்த விமானத்தில் 1909 இல் பறந்தவர். அந்தக் காலத்தில் கலப்பையை இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் இயந்திரத்தின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும், ஓட்டுபவர் அடியில் நசுங்குவார். கலப்பையையும் இயந்திரத்தையும் ஒரே உடம்பாக்கினால் இது நடக்காது என்பதுதான் பேர்குசனின் யோசனை. கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி, உள்ளே ஹைட்ரோலிக். 1936 இல் இந்த முறையோடு வந்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது. 1946 இல் இங்கிலாந்தின் கொவென்றியில் தொடங்கிய ரி.ஈ. 20 வரிசை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1953 இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. நம் ஊரில் இன்றும் ஓடுகிற மசி பேர்குசன் 135, 240 எல்லாம் அந்த வழி வந்தவை. சென்னையில் செய்யப்படும் டஃபேயும் அதே குடும்பம்தான். இன்று எந்தக் கொம்பனியின் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றாலும் பேர்குசனின் அந்த மூன்று முனைதான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு லிவர் இருக்கிறது. ஒன்றைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். மற்றது எதற்கு?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். பொறுமையாக வாசியுங்கள்.

ஒன்று நிலைக் கட்டுப்பாட்டு லிவர். அதை எந்த இடத்தில் வைக்கிறீர்களோ, தூக்கும் கை அதற்கேற்ற உயரத்தில் போய் நிற்கும். ஒயில் கொஞ்சம் கசிந்து கை இறங்கினால் வால்வு தானாகத் திறந்து பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். ரொட்டவேற்றர், மண் சமன் செய்யும் தகடு, மருந்து தெளிகருவி, விதைகருவி இவற்றுக்கு இதுதான் சரி.

மற்றது இழுவைக் கட்டுப்பாட்டு லிவர். இது உயரத்தைப் பார்ப்பதில்லை, கலப்பை எவ்வளவு இழுவை கேட்கிறது என்பதைப் பார்க்கிறது. கலப்பை மண்ணுக்குள் போகும்போது அதன் கொழு பின்னுக்கு இழுபட, மேற்பகுதி முன்னுக்குச் சாய்ந்து, மூன்று முனையில் மேலே உள்ள டொப் லிங்க் கம்பியை இயந்திரத்தை நோக்கித் தள்ளும். டொப் லிங்க் பூட்டியிருக்கும் இடத்தில் பெரிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. மண் இறுகினால் அந்த ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும். அந்த அசைவு உள்ளே வால்வுக்குப் போய், கலப்பையை ஒரு விரற்கடை உயர்த்தும். மண் இளகினால் ஸ்பிரிங் விரிந்து, கலப்பை திரும்ப இறங்கும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை.

கலப்பையை ஹைட்ரோலிக் அப்படி இலேசாகத் தூக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கலப்பையின் எடையில் ஒரு பங்கும், கொழுவை மண் கீழே இழுக்கும் விசையில் ஒரு பங்கும் பின்சில்லின் மேல் ஏறுகின்றன. இழுவை எப்போது அதிகம் தேவையோ அப்போதே பின்சில்லுக்குப் பிடிமானமும் கூடுகிறது. இவ்வளவு இலேசான இயந்திரம் இவ்வளவு கனமான கலப்பையை இழுப்பது இதனால்தான். இந்த லிவரைத் தொடாமல், நிலை லிவரை அடியோடு இறக்கிவிட்டு உழுதால் அந்தப் பிடிமானம் கிடைக்காது. சில்லு சுற்றும், டீசல் போகும், ரயரின் பல்லும் போகும்.

எங்கள் செம்மண்ணுக்கு இது ஒத்துவருமா? கீழே முழுக்கக் கல்லாயிற்றே.

ஒத்துவரும், ஆனால் ஆழத்தைக் கட்டி வைக்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்திருக்கிற மண். சில தோட்டங்களில் நல்ல ஆழம், பக்கத்துத் தோட்டத்திலேயே கொஞ்சம் கீழே போனால் பாறை. இழுவை லிவரை முழுக்க நம்பினால், மண் இளகிய இடத்தில் கலப்பை தேவைக்கு மேல் தாழ்ந்து, அடுத்த அடியில் கல்லோடு மோதும். அதனால் கலப்பைக்கு ஆழச் சில்லு பூட்டுங்கள். அது இல்லையென்றால் நிலை லிவரை வேண்டிய ஆழத்துக்கு வைத்து, அதன் நிறுத்தியைத் திருகி இறுக்கி வையுங்கள். முதல் இரண்டு சாலில் இறங்கிப் போய் ஆழத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது சால் போக வேண்டும்.

கல் அதிகமுள்ள காணிக்கு ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொழுக் கலப்பை நல்லது. கல் முட்டினால் அந்தக் கொழு மட்டும் பின்வாங்கிப் பின் தானாக வரும். விறைப்பான கொழு முட்டினால் அந்த அடி நேரே டொப் லிங்க் வழியாக ஹைட்ரோலிக்குக்குள் போகிறது. சட்டிக் கலப்பை கல்லின் மேல் உருண்டு ஏறுவதால் அதுவும் தாங்கும்.

வடமராட்சியின் மணல் பக்கம் வேறு கதை. மணலில் இழுவை குறைவு. ஸ்பிரிங் அமுங்காததால் இழுவை லிவர் கலப்பையை இறக்கிக்கொண்டே போகும். அங்கே நிலை லிவரில் உழுவதே மேல். தென்மராட்சியின் நெல் வயலில், முதல் மழைக்கு முன் மண் இறுகிக் கிடக்கும்போது இழுவை லிவர் தன் முழு அருமையையும் காட்டும்.

டொப் லிங்கைக் கூட்டுவதா, குறைப்பதா?

குறைத்தால் கலப்பையின் மூக்கு கீழே குத்தும், மண்ணுக்குள் விரைவாக இறங்கும். நீட்டினால் வால் தாழ்ந்து மூக்கு எழும்பும். உழும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். கலப்பைச் சட்டம் நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். முன் வரிசைக் கொழு ஆழமாகவும் பின் வரிசை மேலோட்டமாகவும் போனால் லிங்க் குட்டை. இடம் வலம் சரிபார்க்க வலது தூக்குக் கம்பியில் சுழற்றும் கைபிடி இருக்கிறது. பக்கச் சங்கிலி கலப்பைக்குக் கொஞ்சம் தொய்வாகவும், ரொட்டவேற்றருக்கு இறுக்கமாகவும் இருக்கட்டும். வீதியில் போகும்போது எதுவானாலும் இறுக்கம்தான்.

கிளச்சை முழுக்க மிதித்தால் கலப்பை எழும்பாமல் நிற்கிறது. பம்பி போய்விட்டதா?

இல்லை, அது அந்த இயந்திரத்தின் அமைப்பு. மசி வரிசையில் பம்பி பின் வீட்டுக்குள் (இயந்திரத்தின் பின்பக்க இரும்புக் கூட்டுக்குள்), ஒயிலுக்குள் மூழ்கி இருக்கிறது. அதைச் சுற்றுவது பி.ரி.ஓ. தண்டு, அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் பூட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு. 135, 240 போன்றவற்றில் கிளச் இரண்டு கட்டம். பாதி மிதித்தால் சில்லு நிற்கும், பி.ரி.ஓ.வும் ஹைட்ரோலிக்கும் ஓடும். அடிவரை மிதித்தால் எல்லாம் நிற்கும். வரம்பு முனையில் திரும்பும்போது பாதியோடு நிறுத்திப் பழகுங்கள். மிகப் பழைய ரி.ஈ. 20 இல் பி.ரி.ஓ. லிவரைப் போட்டால்தான் கலப்பையே எழும்பும்.

மகிந்திரா போன்ற வேறு பல இயந்திரங்களில் பல்சில்லுப் பம்பியை எஞ்சினே நேராகச் சுற்றுகிறது. அங்கே கிளச்சுக்கும் தூக்கலுக்கும் தொடர்பில்லை. ஒன்றில் பழகிய ஓட்டுநர் மற்றதில் ஏறினால் முதல் நாள் தடுமாறுவார்.

தூக்கி வைத்த கலப்பை மெல்ல மெல்ல இறங்குகிறது.

கலப்பையை மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அரை மணித்தியாலத்தில் கொஞ்சம் தாழ்ந்தால் பழைய இயந்திரத்துக்கு அது சாதாரணம். கண் முன்னாலேயே இறங்கினால் ஒயில் எங்கோ வழி கண்டுவிட்டது. பெரும்பாலும் பிஸ்டன் சீல். அடுத்ததாகச் சிலிண்டருக்குப் போகும் குழாயின் ஓ ரிங், அதற்கும் அடுத்ததாக வால்வு. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டும் பயனில்லை, சில நாளில் அதையும் அரித்துவிடும். ஆகவே மேல் மூடியைக் கழற்றுகிற மெக்கானிக்கிடம் சீலை மட்டும் மாற்றச் சொல்லாமல், சிலிண்டரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும்போது தூக்கும் கை நடுங்கிக்கொண்டே இருப்பதும் இதே நோய்தான். கை கசிந்து இறங்குகிறது, வால்வு திருத்துகிறது, திரும்ப இறங்குகிறது. நடுக்கம் தொடங்கிய உடனே கவனித்தால் செலவு சீலோடு முடியும்.

சூடேறினால் தூக்க மறுக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். பிறகு பில்டரை அல்லது உள்ளே உள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். இரண்டும் சரியென்றால் பம்பி தேய்ந்திருக்கும். சூட்டில் ஒயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியே பின்னால் நழுவிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் இது வெளிப்படுவது அதனால்தான். தடித்த ஒயில் விட்டால் சில நாள் மறைந்திருக்கும், பிறகு காலையில் தூக்க மறுக்கும். அது வைத்தியம் அல்ல.

ஒயிலில் நுரை கட்டினால் பம்பி காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். வெளியே பம்பி உள்ள இயந்திரமானால் உறிஞ்சும் குழாயின் மூட்டுகளைப் பாருங்கள்.

என்ன ஒயில் விடலாம்?

கையேட்டில் சொன்னதை. பெரும்பாலான இயந்திரங்களில் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். ஒயிலில் தோயும் பிரேக் உள்ளவற்றில் பிரேக்குக்கும் அதேதான். ஆகவே அந்த மூன்றுக்கும் பொருந்தும் உழவு இயந்திர ஒயிலையே வாங்குங்கள். கழித்த எஞ்சின் ஒயிலை விடவே வேண்டாம். பிரேக் ஒயில் இந்தச் சீல்களை ஊத வைத்துவிடும். பொருளாதாரத் தடை இருந்த 90களில் கிடைத்ததை ஊற்றி ஓட்டினோம், வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஓடிற்று என்பதை இன்றைக்கு நியாயமாகச் சொல்ல முடியாது.

மாரியில் சேற்று உழவு முடிந்ததும் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கியர் லிவரின் கிழிந்த ரப்பர், மூச்சுத் துவாரம், பின் அச்சின் சீல் இவைதான் வழக்கமான வாசல்கள். தண்ணீர் கலந்த ஒயிலை அடுத்த போகம் வரை விட்டு வைத்தால் வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வழக்கமான மாற்றத்துக்கு 1,000 மணித்தியாலம் என்பது பரவலான அளவு. தாழ்ந்த வயலில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு மணிக்கூட்டைப் பார்க்காமல், ஒவ்வொரு காலபோக உழவும் முடிந்த பிறகு பார்ப்பதே என் கருத்து.

கலப்பையைப் பூட்டும் ஊசி (முளை) என் இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை. கம்பி செருகி ஓட்டலாமா?

வேண்டாம். மூன்று முனை இணைப்புக்கு அளவு வகைகள் உண்டு. வகை ஒன்று என்றால் கீழ் ஊசி 22, மேல் ஊசி 19 மில்லிமீற்றர். வகை இரண்டு என்றால் 28உம் 25உம். 45 குதிரைவலு இயந்திரம் இரண்டு வகையிலும் வருவதால்தான் இந்தச் சிக்கல். சின்ன ஊசியைக் கையின் முனையிலுள்ள பெரிய குண்டின் துளையில் போட, சரியான அளவுக் குழல் கடையில் கிடைக்கும். கொன்கிறீற்றுக் கம்பியை வளைத்துச் செருகினால் அது உழும்போது அல்ல, வீதியில் போகும்போதுதான் அறுந்து விழும்.

மண் கொட்டும் பெட்டியைத் தூக்க என்ன தேவை?

ஒயிலை வெளியே எடுக்கும் இணைப்பு ஒன்று. பெட்டிக்குப் பெரும்பாலும் ஒருபக்கச் சிலிண்டர் போதும். ஒயில் தூக்கும், எடையே இறக்கும். இரண்டு பக்கமும் பலம் வேண்டிய கருவிக்கு இரண்டு ஹோஸ் வேண்டும். மசியில் நிலை லிவரைத் தொடர்ந்து பம் பண்ணும் இடத்தில் வைக்க வேண்டும். பெட்டி எடுக்கும் ஒயில் பின் வீட்டிலிருந்தே போகிறது. தூக்கிய நிலையிலும் பம்பிக்குப் போதிய ஒயில் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

ஹோசை இணைக்கும் கப்ளரைப் பூட்டுமுன் துணியால் துடைப்பது ஒரு நிமிட வேலை. அதில் ஒட்டும் மணல் நேரே வால்வுக்குள்தான் போகும். கழற்றியதும் மூடி போடுங்கள். சிலிண்டர் தண்டின் பளபளப்பான மேற்பரப்பு கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் சீலை அரம் போல அராவும். தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் நிறுத்தும்போது தண்டை உள்ளே இழுத்து நிறுத்துங்கள்.

ஹோசில் சின்னக் கசிவு. விரலால் தடவிப் பார்த்துப் பிடித்துவிட்டேன். தப்பா?

பெரிய தப்பு. இனி ஒருபோதும் செய்யாதீர்கள். ஊசித் துளை வழியாக 150 பாரில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். ஒயில் உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தாலே, அந்த மணித்தியாலமே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், "ஹைட்ரோலிக் ஒயில் அழுத்தத்தோடு கைக்குள் போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கசிவைத் தேட ஒரு துண்டு காட்போட் அட்டை போதும்.

தூக்கிய கலப்பைக்கும் தூக்கிய பெட்டிக்கும் கீழே முட்டுக் கொடுக்காமல் யாரும் போகக்கூடாது. ஹைட்ரோலிக் பிடித்திருக்கிறது என்பது ஒரு சீல் பிடித்திருக்கிறது என்பதுதான். பெட்டியைத் தூக்குமுன் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். எதையாவது கட்டி இழுப்பதென்றால் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள். டொப் லிங்க் பூட்டும் இடத்தில் கட்டினால் இயந்திரம் பின்னால் கவிழும். பேர்குசன் ஒழிக்க நினைத்த அதே விபத்து.

எங்கள் லாண்ட் மாஸ்டருக்கு ஹைட்ரோலிக் பூட்டலாமா?

இரண்டு சில்லு இயந்திரத்தில் கையாலேயே தூக்கித் திருப்பலாம். செலவுக்கேற்ற பயன் இல்லை. நாலைந்து பரப்புத் தோட்டத்துக்கு அதை அப்படியே வைத்திருங்கள்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறேன். ஹைட்ரோலிக்கை எப்படிச் சோதிப்பது?

உங்கள் கனமான கருவி எதுவோ, அதையே கொண்டுபோய்ப் பூட்டுங்கள். வெறுங்கையாகத் தூக்கிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. விற்பவர் காலையில் வரச் சொன்னாலும், அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடேற்றிய பிறகே சோதியுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போதே தூக்க வேண்டும். தூக்கி நிறுத்திவிட்டு, விலை பேசி முடியும் வரை அப்படியே விட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இழுவை லிவர் வேலை செய்கிறதா என்று பார்க்க உழுதுதான் ஆக வேண்டும். பக்கத்துக் காணியில் இரண்டு சால் விடச் சொல்லிக் கேளுங்கள். இறுகிய இடத்தில் கலப்பை கொஞ்சம் எழும்பி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசையவே இல்லையென்றால் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது யாரோ அதைக் கழற்றி நிரந்தரமாக முட்டுக் கொடுத்திருப்பார்கள். டொப் லிங்க் பூட்டும் இடத்தில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.